கிணற்றில் சிவப்புக் குறி இட்டுச் சென்றவர்களுக்கு

ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவைச் சீர்செய்யும் பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடந்த மாதம் தங்கள் அலுவலர்கள் இருவர் எங்கள் நிலத்துக்கு வந்து, கிணற்று நீரை இரண்டு புட்டிகளில் எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி ஒன்றை இட்டுச் சென்றார்கள். இது எப்போது சரியாகும் என்று என் தாயார் கேட்டதற்கு, கழிவு மேட்டை அகற்றிய பிறகு என்று பதில் வந்தது. அதுவரை நீரைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாமே என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியம் சாகாது. நீர் ஆவியாகக் குறைந்து, நஞ்சின் செறிவு கூடும். இதை ஒரு விவசாயி தங்களுக்கு எழுத வேண்டியிருப்பதை எண்ணி வருந்துகிறேன்.

மேட்டின் வரலாற்றைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட, குரோமிய உப்புகள் தயாரித்த குரோமேட் ஆலை விட்டுச் சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு இன்னும் வெட்டவெளியில் கிடக்கிறது. ஒவ்வொரு மழையும் அதன் வழியே இறங்கி, குரோமியத்தின் நச்சு வடிவமான அறுவலுக் குரோமியத்தைக் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்குப் போகிறது. 2006-இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் எங்கள் ஊர் இடம்பெற்றபோது, இனியாவது வேலை தொடங்கும் என்று நம்பினோம்.

மனிதர்களாகிய நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிடுகிறோம். மாடு என்ன செய்யும்? கறவை மாடு ஒன்று வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 50, 60 லிட்டர் குடிக்கும். 20 லிட்டர் கேனாக வாங்கினால் மூன்று கேன். பால் விற்ற பணம் தண்ணீருக்கே போய்விடும் என்பதால், எங்களிடம் இருந்த மூன்று மாடுகளில் இரண்டை விற்றுவிட்டோம். மீதமுள்ள ஒன்றுக்காக என் தாயார் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாட்களில் குடம் குடமாகச் சுமந்து தொட்டியை நிரப்புகிறார். குழாய் வராத நாளில், குறியிட்ட அதே கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றிவிட்டு, மாடு குடித்து முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பாலை எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை எங்களில் ஒருவராலும் முடிவு செய்ய இயலவில்லை.

கிணற்று நீர் இப்போது மஞ்சளாகத் தெரியவில்லை என்று அலுவலர்கள் ஆறுதல் கூறினார்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அந்த அளவு பல மடங்கு மீறப்பட்டிருக்கும். ஆகவே தெளிந்த நீரைக் கண்டு நாங்கள் ஆறுதல் அடைய வழியில்லை.

இந்த மடலின் கோரிக்கை ஒன்றே. மேட்டை அகற்றும் நாள் வரை காத்திராமல், மேட்டுக்கும் எங்கள் கிணறுகளுக்கும் இடையே, நிலத்தடி நீர் வரும் பாதையின் குறுக்கே, இரும்புத்தூள் நிரப்பிய வினைத்தடுப்புச் சுவரை அமையுங்கள். இச்சுவர் நீரைத் தேக்குவதில்லை. நீர் தன் போக்கில் அதனூடே நுழைந்து மறுபுறம் வெளியேறும். இடையில் இரும்பு, கரையக்கூடிய அறுவலுக் குரோமியத்தை எளிதில் கரையாத மூவலுக் குரோமியமாக மாற்றி அங்கேயே படியவைத்துவிடும். தினமும் இறைக்க மோட்டார் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை.

இது சோதனைக்கூடத்தோடு நின்றுபோன யோசனையும் அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், எலிசபெத் சிட்டி என்னும் ஊரில், கடலோரக் காவல் படை வளாகத்திலிருந்த குரோம் முலாம் பட்டறையின் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது. 1996 ஜூனில் அங்கே 46 மீட்டர் நீளமும் 7.3 மீட்டர் ஆழமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்ட இரும்புத்தூள் சுவரைப் பூமிக்குள் இறக்கினார்கள். 15 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் அது குரோமியத்தைத் தடுத்துக்கொண்டே இருந்தது. அதே 1996 ஆகஸ்டில்தான், பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைக் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீட்டோடு சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்குச் சுவர் கிடைத்தது. எங்களுக்குத் தீர்ப்பு கிடைத்தது. இத்தனை ஆண்டுகளில் ஆய்வுக்கென்று வந்த வண்டிகளை எண்ணிப் பார்த்தால், எங்கள் கிணற்று நீரைப் புட்டியில் எடுத்துச் செல்வதையே ஒரு துறையின் முழு வேலையாக வைத்திருக்கிறீர்களோ என்று மனம் கசந்து கேட்கத் தோன்றுகிறது. கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை, அதன் வெடிப்புகள் வழியே நீர் சுவருக்குக் கீழே நழுவிவிடும் என்று தாங்கள் தயங்கக்கூடும். நியாயமான தயக்கம்தான். ஆனால் பாறைக்கு மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் நீர் நகர்கிறது. அந்த அடுக்கைச் சுவரால் மறிக்கலாம். வெடிப்புகள் உள்ள இடங்களில் ஆழ்துளையிட்டு நீரை வெளியேற்றிச் சுத்திகரிக்கலாம், அல்லது குரோமியத்தை அதேபோல் மாற்றிப் படியவைக்கும் இரும்பு சல்பேட் கரைசலை உட்செலுத்திப் பார்க்கலாம். கார்பனேட் உப்புகள் படிந்து இரும்புத்தூள் காலப்போக்கில் அடைபடும் என்பதும் உண்மையே. அதற்காகத்தான் கண்காணிப்புத் துளைகளும் பராமரிப்பு நிதியும் தேவை. சுவர் வந்துவிட்டது என்பதற்காக மேட்டை அப்படியே விட்டுவிடச் சொல்லவும் இல்லை. மூலம் அங்கே இருக்கும் வரை சுவருக்கு ஓய்வு கிடையாது.

எனவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் அளந்து, முதற்கட்டமாக ஒரு சிறு நீளத்துக்காவது சுவரை இறக்குங்கள். அதன் இருபுறமும் எடுக்கும் நீரிலுள்ள குரோமியத்தின் அளவுகளை மாதந்தோறும் எங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். கடந்த மாதம் எடுத்துச் சென்ற அந்த இரண்டு புட்டிகளின் முடிவும் இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை, அதையும் அனுப்பிவையுங்கள். அடுத்த முறை அலுவலர்கள் வரும்போது என் தாயார் அதே கேள்வியைத்தான் கேட்பார். அப்போது அவரிடம் வேலை தொடங்கும் தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிவப்புக் குறியிட்ட கிணற்றுக்குச் சொந்தக்காரன்,
ராணிப்பேட்டை