எதுக்குப்பா போறீங்க?

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. இங்கே வெயில் இன்னும் விட்டபாடில்லை.

போன ஞாயிறு வழக்கம்போல, "சர்ச்சுக்குப் போனியா?" என்று கேட்டேன். "நீங்க எதுக்குப்பா போறீங்க?" என்று நீ திருப்பிக் கேட்டாய். சட்டென்று கோபம் வந்து போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பதில் கையில் இருந்திருந்தால் கோபம் வந்திருக்காது.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் காய்கறியைச் சர்ச்சில் ஏலம் விடுவார்களே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். இந்த வருஷம் ஒரு பரங்கிக்காய். அண்ணா நகர் உழவர் சந்தையில் 60 ரூபாய்க்குக் கிடைக்கும். உன் சித்தப்பா 500 என்றான். நான் 600 என்றேன். அவன் என் பக்கம் திரும்பாமல் மைக்கைப் பார்த்தே ஏற்றிக்கொண்டு போனான். சுவர்த் தகராறுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே அன்றைக்குத்தான், அதுவும் ரூபாய்க் கணக்கில். 1,800-இல் அவன் வாயை மூடிக்கொண்டான். "மூணு தரம்!" என்று சொல்லி என் பெயரை மைக்கில் வாசித்தார்கள். எழுந்து நின்று கும்பிடு போட்டேன், ஆண்டவருக்கு இல்லை. அம்மா நாலு நாள் பரங்கிக்காய்க் கூட்டு வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் காலேஜ் சீட்டுக்கு ஆயரிடம் கடிதம் வாங்க வேண்டியிருந்த வருஷம் ஒரு ஆராதனைகூட விட்டதில்லை. கடிதம் கைக்கு வந்த மறுவாரம் தூங்கிவிட்டேன். கமிட்டி எலெக்‌ஷன் கதையை விடு.

"கஞ்சிக்கு வேதத்துல சேர்ந்தவங்க" என்று ஊரில் நம்மைக் கேலி பேசுவார்கள். சின்ன வயதில் அது எனக்குப் பெரிய அவமானம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் என் கொள்ளுத்தாத்தா சின்னப் பையன். திருமங்கலம் பக்கத்திலிருந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, மிஷன்காரர்கள் கஞ்சி ஊற்றிய கஞ்சித்தொட்டிக்கு நடந்தாராம். 1834-லேயே மதுரைக்கு வந்துவிட்ட அமெரிக்க மிஷன் அப்படித்தான் நம் வீட்டுக்குள் வந்தது. 'நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள்' என்று யோவான் 6-இல் ஆண்டவர் கடிந்துகொள்கிறார். நேற்று ராத்திரி அதை மறுபடி வாசித்தேன். கடிந்துகொண்டாலும், முந்தின நாள் அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டவரும் அவர்தானே. கஞ்சித்தொட்டிக்கு நடந்த அந்தப் பையன் பசிக்குப் போனான். நான் வயிறு நிறையத் தின்றுவிட்டு, மைக்கில் பெயர் கேட்கப் போயிருக்கிறேன்.

இன்றைக்குக் காலை முதல் ஆராதனைக்குப் போனேன். இருபது பேர்கூட இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்தில் பாதி தூங்கினேன். புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் போகலாம் போலிருந்தது. ஏன் என்று கேட்காதே, இன்னும் பிடிபடவில்லை. சித்தப்பா வீட்டைத் தாண்டித்தான் திரும்பி வந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன்.

அப்பா