900-ஆல் வகுத்தால் பறக்கும் நேரம் வந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு பயண இணைப்பில் விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம், பறக்கும் நேரம் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரம்தான் இடிக்கிறது. லண்டன் ஹீத்ரோவில் இருந்து நியூயார்க் கென்னடிக்கு 5,540 கி.மீ., 6 மணி 9 நிமிடம். அதென்ன அவ்வளவு கறாராக 9 நிமிடம் என்று பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்று வைத்துக்கொண்டு எல்லாத் தூரத்தையும் 900-ஆல் வகுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்!

அந்தத் தடத்தில் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றே அல்ல. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது, அதை எதிர்த்து நியூயார்க் போக 8 மணி நேரம் போல ஆகும், அதையே முதுகில் வாங்கிக்கொண்டு திரும்ப 7 மணி நேரம் போதும். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் ஒரு போயிங் 747 நியூயார்க்கில் இருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து இறங்கியது. இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் வேகம் சில நேரம் மணிக்கு 1,050 கி.மீ. என்று காட்டுமே, அது இந்தக் காற்றின் வேலை. விமானி ஒன்றும் கூடுதலாக முடுக்கிவிடவில்லை.

குறைந்த தூரம் என்றால் இந்த வகுத்தல் இன்னும் மோசம். 450 கி.மீ.க்கு அரை மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். கதவைச் சாத்தி, டிராக்டர் வந்து விமானத்தைப் பின்னால் தள்ளி, அது ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதை முனைக்குப் போய், முன்னால் நிற்கிற நாலு விமானமும் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்தாலே அந்த அரை மணியில் பாதி போய்விடும். அப்புறம் ஏறும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதில்லை. விமான நிறுவனங்கள் டிக்கெட்டில் போடுகிற நேரம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுபடி நிறுத்துமிடத்தில் நிற்பது வரை. அதனால்தான் அதே தூரத்துக்கு அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் தருவது உருண்டைப் பூமியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். விமானம் அப்படியே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே சுமார் 7,800 கி.மீ.தான், ஆனால் 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, முன்பு 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆன பயணம் சுற்றிப்போய் 13 மணி நேரம் ஆகிவிட்டது. உங்கள் அட்டவணையில் இன்னும் 8 மணி 40 நிமிடம் என்றே நிற்கிறது.

நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. இதே மாதிரி ஒரு கணக்கை நம்பித்தான் அக்காவை அழைத்துவர ஒன்றேகால் மணி நேரம் முன்னாடியே போய் நின்றேன், அவள் வந்த விமானம் சரியான நேரத்துக்கே வந்தது! அதனால் அடுத்த முறை 'போக', 'வர' என்று இரண்டு பத்திகள் போட்டு, நிறுவனங்களின் கால அட்டவணை நேரத்தையே கொடுங்கள். இடம் பற்றவில்லை என்றால் தூரத்தை எடுத்துவிடுங்கள், அதை யாரும் தேடமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்