வம்சம் பாதி, இடம் பாதி, நேரமும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த மூளை வளர்ச்சிக் கட்டுரையைப் படித்தேன். நல்ல எழுத்துதான், ஆனால் கடைசிவரை ஜீன், ஜீன் என்றே போகிறது. குடியாத்தம் பக்கம் பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்றால் "அவங்க அப்பன் புத்தி" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். அதற்கு நீங்கள் வேறு அறிவியல் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டுமா? அதுவும் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை 1949-லேயே தொடங்கிய வேலூரில் விற்கும் பத்திரிகை.

பிரான்ஸில் நிக்கோல் லெ துவாரின் என்ற அம்மையார் காடைக் கருவின் செல்களைக் கோழிக் கருவுக்குள் வைத்துச் செய்த சோதனையைச் சொல்லியிருக்கலாம் (நமக்குக் காடையை வறுத்துத்தான் பழக்கம்). காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் தனியாகத் தெரியும், அதனால் கோழிக்குள் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். சாதாரணமாகச் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போக வேண்டிய செல்களைக் கழுத்துப் பக்கம் வைத்தால், அவை குடலுக்குப் போய்க் குடல் நரம்புகளாகிவிட்டன. செல் என்னவாகும் என்பதை இடம் முடிவு செய்தது.

சரி, அப்போ வம்சம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளிப்பட்டையில், ஆறு அடுக்கு. அடியில் இருப்பவை முதலில், மேலே இருப்பவை பிறகு உண்டாகும். அமெரிக்காவில் சூசன் மெக்கானல் குழு 1991-ல் வெளியிட்ட சோதனையில், ஃபெரெட் என்ற சிறு விலங்கின் கருவிலிருந்து ஆறாவது அடுக்குக்கான செல்களை எடுத்து, மேல் அடுக்கு உண்டாகிக்கொண்டிருந்த இன்னொரு மூளையில் நாற்று பிடுங்கி நடுவது போல வைத்தார்கள். செல் இரண்டாகப் பிரியும் முன் டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நட்டவை புது இடத்துக்குத் தக்கபடி மேல் அடுக்குக்குப் போயின, சில மணி நேரம் தாமதித்து நட்டவையோ எங்கே வைத்தாலும் ஆறாவது அடுக்குக்கே போய் உட்கார்ந்தன.

இந்த நேரக் கணக்குதான் நம் வீட்டுப் பெண்களுக்கு வேண்டியது. பிறகு மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும், அப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். அதே 1991-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, ஏற்கெனவே இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினைச் சாப்பிட்டால் மறுபடி வருவது 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. மற்றவர்களுக்கும் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் என்பதுதான் பரிந்துரை. என் தம்பி மகள் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியது மூன்றாம் மாதம்.

இதையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள், முகூர்த்த மாதத்துக்கு முன்னால் போட்டால் இன்னும் நல்லது.

வாசகர் ஒருவர்,
குடியாத்தம்