மனசக்திக்கு இடமில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். நடுவில் ஒரு வரி: மனசாலேயே பொருளை நகர்த்துவது, எதிரியைச் சாய்ப்பது போன்ற மனசக்தியெல்லாம் அறிவியல் புனைகதைச் சரக்காம், மந்திரவாதிகள் உலவும் உலகத்தில் அதற்கு வேலையில்லையாம். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

உங்களுக்குத் தெரியாததில்லை, அந்த விளையாட்டு வந்தது 1974-ல். 1976-ல் வந்த 'எல்ட்ரிச் விசார்ட்ரி' இணைப்பு நூலிலேயே மனசக்திக்கு விதிகள் உண்டு. மூளையைத் தின்னும் மைண்ட் ஃப்ளேயர் என்ற ராட்சசப் பிராணி அதற்கும் ஒரு வருடம் மூத்தது. அது மனசாலேயே நம்மை அடித்துச் சாய்த்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை, அதையே நம் கதாபாத்திரம் செய்தால் மட்டும் அறிவியலாகிவிடுகிறது! மனசக்திக்கு அந்த விளையாட்டில் வைத்திருக்கும் சையானிக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வாடை அடிப்பது உண்மைதான், 1950-களின் அமெரிக்க அறிவியல் புனைகதைகளில் புழங்கிய சொல் அது. சரி, பெயரை மாற்றிக்கொள்ளட்டும். திருமூலர் இடையன் மூலனின் உடலுக்குள் புகுந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். மந்திரம் ஓதுகிறவர் வேறு, சித்தி கைவந்தவர் வேறு, இரண்டு பேரும் ஒரே கதையில் இருக்கலாம் என்பது என் பாட்டிக்கே தெரியும்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். விளையாட்டின் 3.5 பதிப்பு, சனிக்கிழமை ராத்திரி. என் தம்பியின் மந்திரவாதி வாயில் துணியை அடைத்து, கையைப் பின்னால் கட்டிப் போட்டுவிட்டார் கதையை நடத்தும் டி.எம். சொல்ல வாயில்லை, முத்திரை காட்டக் கையில்லை, அவனிடமிருந்த ஸ்பெல் ஒன்றும் உதவவில்லை. பக்கத்திலேயே என் கதாபாத்திரமான சையனும், அதாவது மனசக்திக்காரியும், அதே மாதிரி கட்டுண்டு கிடந்தாள், ஆனால் அவளுக்கு வாயும் வேண்டாம் கையும் வேண்டாம். மனசக்திக்குச் செலவாகும் பவர் பாயின்ட், ஒரே ஒன்று. எதிர்ச்சுவர் ஆணியில் தொங்கிய சாவி மெல்ல ஆடிக் கழன்று மிதந்து வந்தது. பாயின்ட்டைப் பென்சிலால் எழுதி எழுதி அழித்ததில் என் கேரக்டர் ஷீட்டில் அந்த இடம் ஓட்டையே விழுந்துவிட்டது, இன்னும் வைத்திருக்கிறேன். மந்திரத்தையே வேறு பெயரில் கொடுத்திருந்தால் அந்த ராத்திரி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

1978 ஆட்டக்காரர் கையேட்டில் மனசக்தி லாட்டரி மாதிரி இருந்தது, அபூர்வமாக யாருக்காவது விழும், விழுந்தவன் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். அந்தக் கெட்ட பெயர்தான் இன்றுவரை போகவில்லை. இந்த விளையாட்டுக்காக 1991-ல் வந்த டார்க் சன் என்ற பாலைவன உலகத்தைக் கட்டுரையாளர் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். அங்கே மந்திரம் போட்டால் மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் உயிர் உறிஞ்சப்படும், அதனால் மந்திரவாதியைக் கண்டாலே ஜனங்களுக்கு ஆகாது, மனசக்தியோ சாதாரண விஷயம். அப்புறம் ஐந்தாம் பதிப்பில் மிஸ்டிக் என்று மனசக்திக்கான ஒரு வகுப்பை, அதாவது கதாபாத்திர வகையை, 2017 வரை சோதனைக்கு விட்டுவிட்டு அதையும் கைவிட்டார்கள், 2020-ல் மனசக்தியுள்ள மூன்று துணைவகுப்புகளை மட்டும் கொடுத்தார்கள். இத்தனை வருடம் காத்திருந்த எங்களுக்கு நீங்களும் இடமில்லை என்கிறீர்கள்.

போன வருடம் 20 முகப் பகடைப் படத்துக்குக் கீழே 'தாயக்கட்டை' என்று போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. கோபமில்லை, வருத்தம்தான்.

மனசக்திக்கு 1976-லேயே விதிகள் வந்துவிட்டன என்பதை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தமாகப் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தாம்பரம்