402 மீட்டருக்கு அப்புறம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுறது. வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினா பாதியிலயே நிறுத்திருவ, அதனால காகிதம். டிராக் ரேஸுக்கு, அதான் நேர் ரோட்டுல 402 மீட்டர் ஓடுற ரேஸுக்கு, நீ கட்டுற வண்டியோட போட்டோ எல்லாத்தையும் பெருசாக்கிப் பாத்தேன். ஆர்எக்ஸ் 135 இன்ஜின் வேலை சுத்தம்தான், சிலிண்டர்ல காத்து போற வழியை (போர்ட்) வெட்டுனவன் கை தெரிஞ்சவன். ஆனா ஒரு போட்டோவுலயும் பிரேக்கைக் காணோம்யா. வண்டியை ஓட வைக்கிறதைப் பத்தி நாலு பேர்கிட்ட கேட்டிருப்ப. அதை நிறுத்துறதைப் பத்தி நான் எழுதுறேன்.

மத்த ரேஸ்ல வேகம் ஏறும், இறங்கும். டிராக் ரேஸ்ல உச்ச வேகம் வர்ற இடமே முடிவுக் கோடுதான். அங்கே கோளாறு வந்துச்சுன்னா மிச்சம் இருக்கிற ரோடுதான் ஆளைக் காப்பாத்தணும். 2008 ஜூன்ல அமெரிக்காவுல, நியூ ஜெர்சி பக்கம் இங்கிலிஷ்டவுன்ல ஸ்காட் கலிட்டா செத்தது அப்படித்தான். சாதாரண ஆள் இல்ல, டாப் ஃப்யூயல்ங்கிற அதிவேக டிராக் கார் கிளாஸ்ல ரெண்டு தடவை சாம்பியன். கோட்டுக்கிட்ட வரும்போது இன்ஜின் வெடிச்சுத் தீப்பிடிச்சது, வண்டியை நிறுத்துற பாராசூட் சேதமாகிக் காத்தைப் பிடிக்கலை. வண்டி கடைசியில இருந்த மணல் படுகையையும் தாண்டிப் போய் மோதிருச்சு. அடுத்த மாசமே அங்கே டிராக் ரேஸ் நடத்துற சங்கம் என்ஹெச்ஆர்ஏ, பெரிய கிளாஸ் ரெண்டுக்கும் ஓட்ட தூரத்தை 402 மீட்டர்ல இருந்து 305ஆக் குறைச்சிட்டாங்க. ஓடுறதுல 97 மீட்டரை வெட்டி, நிக்கிறதுக்குக் கொடுத்தாங்க.

உன் வண்டிக்கு வா. கோட்டைத் தாண்டும்போது 140 வருதுன்னு வை. செகண்டுக்கு 39 மீட்டர். பிரேக்குக்குக் கை போக ஒரு செகண்டு. அப்புறம் முன்னும் பின்னும் நல்ல பிரேக், காஞ்ச தார்னா எல்லாம் சேத்து 150 மீட்டர்ல நிக்கும். பின் டிரம் பிரேக்கை மட்டும் மிதிச்சு நிறுத்தினா 300 மீட்டர் ஆகும். 100ல இருந்து 140க்குப் போறது பேச்சுக்கு நாப்பதுதான். பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் ரெண்டு மடங்கு. எடை குறைக்கணும்னு முன் பிரேக்கையே கழட்டுற பசங்க இருக்காங்க. அந்தக் கூட்டத்துல சேராத. முடிஞ்சா முன்னாடி டிஸ்க் போடு. டிரம்தான்னா ஷூ புதுசா இருக்கட்டும், கேபிள் இழை ஒண்ணுகூட பிரிஞ்சிருக்கக் கூடாது. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுல டிரம்மைத் தொட்டுப் பாரு. கை வைக்க முடியாத சூடுன்னா இன்னும் ஆறட்டும், வரிசையில பின்னால நில்லு.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது மதுரை ரிங் ரோட்டுல ஒரு தடவை டெஸ்ட் போட்டுப் பாக்கலாமான்னு கேட்டிருந்த. வேணாம். மீடியன் இடைவெளியில டிவிஎஸ் 50ல புல்லுக்கட்டு வச்சுக்கிட்டு ஒருத்தர் குறுக்க போறாருன்னா, அந்தப் பக்கம் போய்ச் சேர நாலு செகண்டு ஆகும். அந்த நாலு செகண்டுல நீ 155 மீட்டர் வந்திருப்ப. அவர் திரும்பிப் பாத்தப்போ நீ ரொம்ப தூரத்துல ஒரு புள்ளி. தப்பு அவர் மேல இல்ல. நத்தம் ரோட்டுப் பாலம் நேரா கிடக்குதேன்னு நினைக்காத. ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், விலகி ஓட மண்ணே கிடையாது, இணைப்புப் பட்டை வர்ற இடமெல்லாம் பின் வீல் ஒரு துள்ளு துள்ளும். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுல முதல் தடவைக்கே மூணு மாசம் வரை ஜெயில், இல்லாட்டி 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூடப் போடலாம். ரேஸ் ஓட்டி அடிபட்டா வண்டி இன்சூரன்ஸும் கை விரிச்சிரும். நீ இருக்கிற கோயம்புத்தூர்லயே செட்டிபாளையம் கரி பந்தயத் தடம் இருக்கு, பழகுறதுக்கு நாள் தருவாங்களான்னு அங்க கேளு. இல்லாட்டி சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை தடத்துல ஓடுற வரைக்கும் பொறுத்திரு.

அடுத்து டயர். போட்டோவுல முன்னாடி மொபெட் டயர் மாதிரி ஒண்ணு தெரியுது. பக்கவாட்டுல அளவுக்குக் கடைசியில ஒரு எழுத்து இருக்கும், பாரு. ஜே-ன்னா 100 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் அந்த டயர். எல் 120, பி 150, எஸ் 180. எல் போட்ட டயர்ல 140 போறது டயர் கம்பெனிக்கே சம்மதம் இல்லாத காரியம். பின்னாடி ட்யூப் டயர். பிடிப்பு வரட்டும்னு எல்லாரும் காத்தை இறக்குவாங்க. ட்யூப் வண்டியில அதுல ஒரு கண்ணி இருக்கு. காத்து ரொம்பக் குறைஞ்சா, கிளட்சை விட்டதும் ரிம்மு சுத்தும், டயர் அந்த அளவுக்குச் சுத்தாது. டயரோட சேந்து ட்யூப் பின்னாடி நகரும், வால்வு சாயும், நாலஞ்சு ஓட்டத்துல வால்வு அடியோட கிழிஞ்சிரும். அது கிழியிறது பெரும்பாலும் கிளம்புற இடத்துல இல்ல, வேகத்துல. 22 பிஎஸ்ஐக்குக் கீழ இறக்காத. டயர்லயும் ரிம்லயும் சேத்து வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்து வை. ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சும் பாரு. கோடு விலகியிருந்தா அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சது, ட்யூபைக் கழட்டு.

பின் வீலைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்மை நீட்டியிருக்கியே, அதை வெல்டு பண்ணுனது யாரு? பைப்பை நேரா வெட்டி, ஒட்டி, சுத்தி ஓட்டுன வெல்டுன்னா எனக்குச் சம்மதம் இல்ல. உள்ளே ஸ்லீவ் ஏத்தி, சாய்வா வெட்டி ஒட்டணும். விரிசல் பெரும்பாலும் வெல்டு மேல வராது, வெல்டுக்குப் பக்கத்துல சூடு ஏறுன இடத்துலதான் மயிர்க்கோடு மாதிரி வரும். அந்த இடத்துல பெயிண்ட் அடிக்காம விடு, தெரியட்டும். ஆர்மை நீட்டுனதால பின் பிரேக் தட்டைப் பிடிச்சிருக்கிற டார்க் ஆர்மையும் நீட்டியிருப்ப. அந்த போல்ட்டுல ஸ்ப்ளிட் பின் இருக்கா? அது கழண்டா பிரேக் மிதிச்சதும் தட்டே சுத்தி வீலைப் பூட்டிரும். ஆக்ஸில் நட்டுக்கும் ஸ்ப்ளிட் பின் போடு. ஆயில் டிரெய்ன் போல்ட்டு தானா கழலாம இருக்க லாக் ஒயர் கட்டு. அது தளந்து ஆயில் ஊத்துனா முதல்ல நனையிறது உன் பின் டயர்தான், அடுத்தது பின்னால ஓட வர்றவனோட டயர்.

சுத்துற எதுவும் ஒருநாள் வெடிக்கும்னு வச்சுக்கிட்டே வண்டி கட்டணும். அமெரிக்க டிராக் ஓட்டுனர் டான் கார்லிட்ஸ் 1970ல ஓட்டுனது இன்ஜினுக்குப் பின்னால ஆள் உட்கார்ற வண்டி. கிளம்புன இடத்துலயே டிரான்ஸ்மிஷன் வெடிச்சு வலது பாதத்துல பாதி போச்சு. மனுஷன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே வேற வண்டி யோசிச்சார். இன்ஜினை முதுகுக்குப் பின்னால தள்ளி, 1971ல அதை ஓட்டி ஜெயிச்சார். அப்புறம் அந்த கிளாஸே அப்படி மாறிருச்சு. உன் வண்டியில அந்த இடம் செயின். பழைய செயினோட நாலு கண்ணி சேத்து நீட்டாத, முழு நீளத்துக்குப் புதுசு வாங்கு. லாக் கிளிப்போட மூடுன பக்கம் செயின் ஓடுற திசையைப் பாக்கணும். முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழட்டிட்டு ஓட்டுறது இப்ப பேஷன் போல. அறுந்த செயின் அங்கதான் சுருண்டு கிரேங்க் கேஸை உடைக்கும், இல்லாட்டி உன் கணுக்காலை.

டூ ஸ்ட்ரோக்ல இன்னொரு எமன் சீஸ் ஆகுறது. இதைக் கொஞ்சம் நிதானமா படி. சித்திரை வெயில்ல, மதுரை மத்தியானத்துல கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற ஜெட்டை வச்சு ‘சூப்பரா இழுக்குது’ன்னு முடிவு பண்ணுவ. மார்கழி விடியல்ல அதே ஜெட்டுக்குக் குளிர்ந்த, அடர்த்தியான காத்து உள்ளே போகும். பெட்ரோல் அதே அளவு, காத்து கூட. பிஸ்டன் சூடேறி சிலிண்டர் சுவத்துல ஒட்டிக்கும், பின் வீல் அப்படியே நிக்கும். அதனால போன இடத்துல, ஓடுற நேரத்துல பிளக்கைப் பாரு. காப்பிப் பொடி நிறம்னா சரி. வெளுத்திருந்தா மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்திட்டுத்தான் அடுத்த ஓட்டம். ஆயில் பம்பைக் கழட்டிட்டன்னு சொன்ன. அப்போ லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில், அளவு குப்பியில ஊத்து, கண் மதிப்பு வேணாம். பம்பு இல்லாத வண்டியில பெட்ரோலோடதான் ஆயில் போகுது. கோட்டைத் தாண்டுனதும் ஆக்ஸிலரேட்டரைப் படக்குனு மூடினா, இன்ஜின் உச்சத்துல சுத்திக்கிட்டு இருக்க, ஆயில் மட்டும் நின்னு போகும். அதுவும் சீஸ்தான். கிளட்சைப் பிடிக்கிறதும் மூடுறதும் ஒண்ணா நடக்கணும். ஓட்டம் முழுக்க ரெண்டு விரல் கிளட்ச் மேலயே இருக்கணும். வீல் பூட்டுன அந்த அரை செகண்டுல கிளட்சைத் தேடுறவனுக்கு அது கிடைக்காது.

மணிக்கட்டுல கட்டுற கில் சுவிட்ச் கயிறு கண்டிப்பா போடு. கீழே விழுந்தா அது பிடுங்கிக்கிட்டு இன்ஜினை நிறுத்தும், கார்புரேட்டர் ஸ்லைடு சிக்குனாலும் அதுதான் வழி. கிளம்புறதுக்கு முன்னால ஒரு தடவை பிடுங்கிப் பாத்து, இன்ஜின் நிக்குதான்னு உறுதி பண்ணிக்கோ. முடிவுக் கோட்டுல கையைத் தூக்குறது, திரும்பி அவன் எங்கன்னு பாக்குறது, ரெண்டும் வேணாம். உன் லேன்லயே நேரா போய் வேகம் இறங்குன அப்புறம்தான் திரும்பணும். பக்கத்து லேன்காரன் எங்கன்னு தெரியாம அவன் பக்கம் வெட்டவே வெட்டாத.

ஹெல்மெட் முழு முகம், ரெட்டை வளையப் பட்டை. போட்டுக்கிட்டு, பின்பக்க அடியைப் பிடிச்சு முன்னால தூக்கிப் பாரு. கழண்டு வந்தா அது உன் சைஸ் இல்ல. தோல் சூட் ஒரே துண்டா, முதுகுக்குக் கவசத்தோட. வாடகைக்குக் கிடைச்சா வாங்கிக்கோ, அதுல கௌரவம் பாக்காத.

கார்ல ஓடப் போற உன் ரூம் தம்பிகிட்டயும் ஒண்ணு சொல்லு. ஆளைச் சுத்திக் கட்டுற பாதுகாப்புக் கூண்டுக்கு ஜிஐ பைப் ஆகாது, சீம்லெஸ் பைப் வேணும். என்ஹெச்ஆர்ஏ கேக்குறது சாதா இரும்புல 1⅝ இஞ்சு, சுவர் 3 மில்லி. கூண்டுல தலை படக்கூடிய இடமெல்லாம் கெட்டி ஃபோம் ஒட்டணும். 2007ல அமெரிக்காவுல கெய்ன்ஸ்வில்ல டிராக் ஓட்டுனர் எரிக் மெட்லென் செத்தது டெஸ்ட் ஓட்டத்துல. டயர் போய் வண்டி உதறுன உதறல்ல தலை கூண்டுல மாறி மாறி அடிச்சு, நாலு நாள் கழிச்சு உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்த வண்டிகள்ல தலையைச் சுத்தி இடத்தையும் திணிப்பையும் கூட்டுனாங்க. பெல்ட்டு வாங்கினா தேதி பாக்கச் சொல்லு, என்ஹெச்ஆர்ஏல ரெண்டு வருஷத்துக்கு மேல விட மாட்டாங்க. வெயில்ல கிடந்த நைலான் பாக்க நல்லாத்தான் இருக்கும்.

அம்மாகிட்ட ரேஸ்னு சொல்லலை, வண்டி வேலைன்னு சொல்லியிருக்கேன். கேட்டா நீயே சொல்லு.

பின் பிரேக் தட்டு, டார்க் ஆர்ம் போல்ட்டு, ஸ்விங் ஆர்ம் வெல்டு, இந்த மூணையும் பகல் வெளிச்சத்துல கிட்ட வச்சு எடுத்து அனுப்பு. லாக் ஒயர் 0.8 மில்லி, ஸ்டெயின்லெஸ். அங்கே கிடைக்கலைன்னா சொல்லு, வெள்ளிக்கிழமை பஸ் பார்சல்ல ஸ்ப்ளிட் பின்னோட சேத்துப் போட்டு விடுறேன்.

அப்பா