கொடுவாவும் என் குளத்து ஆண்மீனும்

அன்பின் சிவா,

நீ அனுப்பிய பனிப் படங்கள் பார்த்தேன். இங்கே மாரி முடிந்தும் வாவி தளும்பித்தான் கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

வவுணதீவில் வயலோரம் நான் குளம் வெட்டிய கதை தெரியும்தானே. போன வருடம் திலாப்பியாக் குஞ்சு ஐந்நூறு விட்டேன். ஆறு மாதம் தவிடும் தீனும் போட்டு வலை இழுத்தால், குளம் முழுக்க விரல் நீளப் பொடி மீன். ஒரு பெண் மீனைத் தூக்கினேன், வாயைத் திறந்தது. உள்ளங்கை நிறையக் குஞ்சு, கண்ணும் வாலுமாகத் துடிக்குது. முட்டையும் குஞ்சுமாக வாயில் வைத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு நாளும் அது தீன் தொடாது. பிறகு எங்கே வளர்வது? அதனால் இந்த முறை ஆண் குஞ்சு என்றே கேட்டு வாங்கினேன்.

அங்கேதான் சங்கதி. அவை ஆணாகப் பிறந்தவை இல்லை மச்சான், பாதி ஆணாக்கி எடுத்தவை. குஞ்சு முதன்முதல் தீன் தின்னத் தொடங்கும்போது அதன் உடம்பு விதைப்பையா சினைப்பையா என்று இன்னும் முடிவு எடுத்திருக்காது. மெதில்டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனைச் சாராயத்தில் கரைத்து, ஒரு கிலோ தீனுக்கு 60 மில்லிகிராம் கணக்கில் விசிறிக் காயவைத்து, மூன்று நான்கு கிழமை கொடுப்பார்கள். பிறவியில் பெண்ணாக வேண்டியதும் ஆணாகிவிடும். உள்ளே அரோமட்டேஸ் என்று ஒரு நொதியம், ஆண் ஹோர்மோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றுவது. அது மும்முரமாக வேலை செய்தால் சினைப்பை, அடங்கிப்போனால் விதைப்பை. தண்ணீர் 36 பாகைக்கு ஏறினாலே நைல் திலாப்பியாவில் அது அடங்கி ஆண் கூடுமாம். நம்மூர் வெயிலை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஜப்பானில் யமமோட்டோ என்பவர் 1953லேயே மெடக்கா மீனுக்குப் பெண் ஹோர்மோன் ஊட்டி, ஆணாக வேண்டியதை முட்டை இட வைத்திருக்கிறார்.

நமக்கு இது புதினம், கொடுவா மீனுக்கு இல்லை. அது மூன்று நான்கு வயதில் ஆணாக முதிர்ந்து, இன்னும் சில வருடம் போனதும் தானாகவே பெண்ணாகிவிடும். பெண் ஹோர்மோன் ஏற ஏற விதைப்பை கரைந்து அந்த இடத்தில் சினை பிடிக்கும். சின்ன வயதில் பெரிய கொடுவாவின் சினைக்கு நீயும் நானும் அடிபட்டோமே, அது ஒரு காலத்து ஆண்! கலவாய் மீன் இதற்கு நேர்மாறு, பெண்ணாகத் தொடங்கி ஆணாகும்.

உன் ஒன்டாரியோவிலும் ஒரு கதை உண்டு. 2001 முதல் மூன்று கோடை, கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனை ஓர் ஆய்வு ஏரியில் கலந்தார்கள், லீற்றருக்கு ஐந்தாறு நானோகிராம்தான். அங்கிருந்த ஒரு சின்ன மீன் இனத்தில் ஆண்களின் விதைப்பை கெட்டு, அந்த இனமே ஏரியில் அற்றுப்போகப் பார்த்தது. தீனில் போட்ட மருந்து குஞ்சு வளர்ந்து சந்தைக்கு வருவதற்குள் உடம்பை விட்டுக் கழிந்துவிடும், அதில் எனக்குப் பயமில்லை. குஞ்சுத்தொட்டித் தண்ணீரை எங்கே திறந்துவிடுகிறார்கள் என்பதுதான் யோசனை. குஞ்சு தந்தவனிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டான்.

அடுத்த மாதம் வலை இழுப்பேன். ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்க்கத்தான் போகிறேன். ஆணுக்கு வயிற்றடியில் இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. எண்ணிவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
குமார்