பத்து விநாடி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சி பயணிகள் விமானங்களும் தஞ்சை விமானப்படைத் தளத்தின் சுகோய் போர் விமானங்களும் பறக்கும் டெல்டா வானில், சிறு விமானங்களைக் கண்ணால் பார்த்தே விலக்கிக்கொள்ளலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. தலா மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் இரண்டு சிறு விமானங்கள் எதிரெதிரே வந்தால், 1 கி.மீ. இடைவெளி 10 விநாடியில் தீர்ந்துவிடும். பார்த்து, புரிந்து, திருப்பி விலகவோ சுமார் 12 விநாடி ஆகும். மார்கழிப் பனியில் கேட்கவே வேண்டாம். சிறு விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (தன் இருப்பை ரேடியோ சிக்னலால் தெரிவிக்கும் கருவி) அணைந்திருந்தால் பெரிய விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவிக்கும் அந்தச் சிறு விமானம் தெரியாது.

மிச்சமிருப்பது, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளரின் கவனம்தான். ஒருவரே இரண்டு ரேடியோ அலைவரிசைகளைக் கவனித்தால், தான் சொன்ன உயரத்தை விமானி தவறாகத் திருப்பிச் சொல்வது காதில் விழாமல் போகும். நெரிசல் நேரத்தில் ஓடுபாதையைக் கவனிக்கும் கோபுரத்துக்கும், நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அணுகுபாதைப் பிரிவுக்கும் தனித்தனி ஆள் போடுங்கள். இரவுப் பணியில் ஓய்வைக் குறைக்காதீர்கள்.

– ஓய்வு பெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், ஒரத்தநாடு